நாடா போன வழி

தம்புள்ளையிலிருந்து ஹபரணைக்குப் போகும் வீதியில், இனாமலுவச் சந்தியில் கிழக்கே திரும்பினால் சீகிரியா. குன்றின் மேற்குப் பக்கத்தில், ஓவியங்கள் இருக்கும் குகைக்குக் கீழே கண்ணாடிச் சுவர் ஓடுகிறது. ஓவியங்களைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் பலர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தச் சுவர்தான் எனக்கு அந்தக் குன்றிலேயே பெரிய செல்வம். 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் காசியப்பனின் ஆட்சி முடிந்து, அரண்மனை பாழடைந்த பிறகு, பார்க்க வந்தவர்கள் பல நூற்றாண்டுகளாக அதன் சாந்துப் பூச்சில் தங்கள் பாடல்களைக் கீறிவைத்தார்கள். செனரத் பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்து 1956இல் நூலாக்கினார். பிக்குகளும் படைவீரர்களும் எழுதியிருக்கிறார்கள், பெண்களும் எழுதியிருக்கிறார்கள். பலர் பெயரோடு தங்கள் ஊரையும் சேர்த்துப் பொறித்தார்கள். எழுதுவதற்கு யாரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. எழுதியதை யாரும் வெட்டிச் சுருக்கவும் இல்லை.

1980களின் தொடக்கத்தில் சாதாரண மக்களின் சொல்லைச் சுமக்க வேறொரு பொருள் இந்த வட்டாரத்துக்கு வந்தது. கால் அங்குல அகலத்தில், பழுப்பு நிறத்தில், மெல்லிய பிளாஸ்டிக்கில் இரும்பு ஒட்சைட்டுத் துகள் பூசிய ஒலிநாடா. அது வந்தது மகாவலி ஆற்றுத் தண்ணீரின் வழியே.

தண்ணீர் வந்த வழியை முதலில் சொல்ல வேண்டும். 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக ஒரு பங்கைத் திருப்பினார்கள். அந்த நீர் மாத்தளை மாவட்டத்தில் உக்குவளை மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கையோடு சேர்ந்து போவதென்னவில் தேங்குகிறது. அங்கிருந்து இன்னொரு சுரங்கம் ஒரு பகுதியைத் தம்புளு ஓயாவுக்கும் கலாவாவிக்கும் கொண்டுபோகிறது. கலாவாவியைச் சுற்றிய வரண்ட காட்டு நிலம் ‘எச் வலயம்’ என்ற பெயரில் குடியேற்றமானது. முப்பது ஆண்டில் முடிக்க வகுத்த மகாவலித் திட்டத்தை 1977க்குப் பிறகு அரசு துரிதப்படுத்தியது. மலைநாட்டில் நீர்த்தேக்கத்துக்காக வீடும் வயலும் இழந்தவர்கள், நிலமில்லாதவர்கள், ஏற்கெனவே அந்தக் காடுகளின் ஓரத்தில் சேனை செய்து பிழைத்தவர்கள் எல்லோரும் அங்கே பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர்களானார்கள். ஒருவரை ஒருவர் அறியாத குடும்பங்கள் ஒரே வாய்க்காலில் முறை வைத்து நீர் எடுக்க வேண்டியிருந்தது. யானை வந்தது, மலேரியா வந்தது, கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை. பேசுவதற்கு விஷயம் நிறைய. பேசினால் கேட்க ஆள் இல்லை.

அப்போதுதான் 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகார சபையும் நடத்தின. யுனெஸ்கோ துணை நின்றது, டென்மார்க் பணம் கொடுத்தது. ஆரம்பத்தில் அதற்கென்று சொந்த ஒலிபரப்புக் கோபுரம் கிடையாது. ஒரு சிறு தயாரிப்புக் குழு ஒரு குடியேற்றக் கிராமத்துக்குப் போகும். சில நாட்கள் அங்கேயே, கிராமத்தாரின் வீடுகளில் தங்கும். முதலில் பழகுவார்கள், வயலுக்குப் போவார்கள், பிறகுதான் ஒலிவாங்கி வெளியே வரும். கிராமத்துப் பாட்டு, நாடகம், விவசாயியின் குறை, தாயின் கவலை, அதிகாரிக்கு ஒரு கேள்வி எல்லாம் நாடாவில் ஏறும். புறப்படுவதற்கு முன் ஊர் கூடும் ஒரு மாலை நிகழ்ச்சி. பாடியவர்களுக்கும் நடித்தவர்களுக்கும் சம்பளம் கிடையாது, அவர்கள் கலைஞர் பட்டியலில் இருந்தவர்களும் அல்ல. காலையில் மண்வெட்டி பிடித்தவர்கள் மாலையில் நிகழ்ச்சி செய்தார்கள்.

இந்த முறையின் அருமையைச் சொல்ல, இலங்கையில் வானொலி வந்த விதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிப் பாகங்களைக் கொண்டு ஓர் ஒலிபரப்புக் கருவியைச் சமைத்தார். உடன் இருந்தவர்கள் ஆர்வத்தால் கூடியவர்கள். இரண்டு ஆண்டில், 1925 டிசம்பரில், முறையான ஒலிபரப்பு தொடங்கியது. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைத் தமிழ்நாடு முழுவதும் காது கொடுத்துக் கேட்டது. அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலை அங்கே எத்தனை வீடுகளில் குடும்பத்தில் ஒருவர் குரலாக அறிந்திருந்தார்கள்! ஆனால் அந்தப் பெருமைக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. குரல் கொழும்பிலிருந்து போகும், கடிதம் கொழும்புக்கு வரும். நேயர் பாட்டுக் கேட்கலாம், பெயரைச் சொல்லக் கேட்டு மகிழலாம். ஒலிவாங்கி அவர் வீட்டுக்கு வராது. மகாவலி நாடா அந்தத் திசையைத் திருப்பியது.

அதற்குக் காரணம் நாடாவின் எளிமை. 1935இல் பெர்லினில் ஏஇஜி நிறுவனம் காட்சிக்கு வைத்த மெக்னட்டோஃபோன்தான் அதன் மூத்த தலைமுறை. போர் முடிந்ததும் அமெரிக்கப் படையிலிருந்த ஜாக் மல்லின் அப்படி இரண்டு கருவிகளை ஊருக்கு அனுப்பிவைத்தார், அமெரிக்க வானொலியின் பழக்கமே மாறியது. 1963இல் பிலிப்ஸ் கசெட் வந்தது. பற்றரியில் ஓடும், தோளில் தொங்கும் பெட்டிகள் வந்தன. மின்சாரம் எட்டாத கிராமத்தில், குப்பி விளக்கு வெளிச்சத்தில் ஒரு பாட்டியின் தாலாட்டைப் பிடிக்க அது போதும். பிடித்ததை அங்கேயே ஓட்டிக் காட்டலாம். தன் குரலை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்கும் மனிதரின் முகம் எப்படி மாறும் என்பது ஒலிப்பதிவு செய்த எவருக்கும் தெரியும்.

இனி நாடா கலையகத்துக்குத் திரும்புகிறது. அந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

அக்காலத்து வானொலிக் கலையகத்தில் நாடா பெரும்பாலும் விநாடிக்கு ஏழரை அங்குலம், அதாவது சுமார் 19 சென்ரிமீற்றர் ஓடும். 1,200 அடி கொண்ட ஒரு சுருள் அரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வரும். வெட்டுகிறவர் இரண்டு சுருளையும் கையால் முன்னும் பின்னும் மெல்ல உருட்டுவார். பேச்சு ஓர் உறுமலாகக் கேட்கும். அந்த உறுமலில் ஒரு சொல் முடிந்து மூச்சு எடுக்கும் இடத்தைக் காது கண்டுபிடிக்கும். அங்கே மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. நாடாவை எடுத்து, நீளப் பள்ளம் வெட்டிய சிறு அலுமினியக் கட்டையில் படுக்கவைத்து, சவர அலகால் சாய்வாக ஒரு கீறல். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று சத்தம் வரும் என்பதால்தான் சாய்வு. இரண்டு முனைகளையும் சேர்த்துப் பின்பக்கம் ஒட்டுநாடாவை வைத்து நகத்தால் தேய்த்தால் முடிந்தது. வேண்டாத துண்டு மேசைக்குக் கீழே கூடைக்குள் போகும். ஒரு விவசாயி பதில் சொல்வதற்கு முன் இரண்டு விநாடி தயங்கினால், அந்தத் தயக்கம் முப்பத்தெட்டு சென்ரிமீற்றர் நீளம்.

அந்தத் தயக்கத்தை விடுவதா வெட்டுவதா என்பது கைத்திறன் சம்பந்தப்பட்ட கேள்வி மட்டும் அல்ல. நீர்ப்பாசன அதிகாரியைப் பற்றிக் கேட்டபோது அவர் தயங்கினார் என்றால், நிகழ்ச்சியின் உயிரே அந்த முப்பத்தெட்டு சென்ரிமீற்றரில் இருக்கிறது. மகாவலி வானொலித் தயாரிப்பாளர்கள் பலர் அந்த உயிரை அறிந்தவர்கள், மதித்தவர்கள். கிராமத்தின் குறையை ஒலிபரப்பி, அதிகாரியின் பதிலையும் வாங்கி ஒலிபரப்பியது அந்தக் காலத்துக்குப் பெரிய காரியம். ஆனால் கத்தி கிராமத்தில் இல்லை. குடியேற்றத்தை நடத்திய அதிகார சபையே வானொலியையும் சேர்ந்து நடத்தியபோது, குடியேற்றம் என்ற ஏற்பாட்டையே கேள்வி கேட்கும் சொல் எவ்வளவு தூரம் போயிருக்க முடியும்? இந்தத் திட்டத்தை மனதாரப் பாராட்டுகிறேன். அதே மனதோடு இதையும் சொல்லாமல் இருக்க முடியாது: நாடா கிராமத்துக்கு வந்தது, முடிவு கிராமத்துக்கு வரவில்லை.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. எச் வலயத்தில் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிங்களவர். தண்ணீர் புறப்பட்ட மலைகளில் வாழ்ந்த தோட்டத் தமிழருக்கு அந்தக் காணிகளில் இடம் கிடைத்தது அரிது. 1948இல் குடியுரிமை இழந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். 1977இலும் 1983இலும் மாத்தளை, கண்டி, நுவரெலியாப் பக்கங்களில் கடையும் லயமும் எரிந்ததைக் கண்டவர்கள். அரசு முத்திரை பதித்த ஒலிவாங்கியை நீட்டினால், அதன் முன்னால் மனம்விட்டுப் பேசுவது அவர்களுக்கு எளிதான காரியமாக இருந்திருக்காது.

நாடாவின் பயணத்தின் அடுத்த கட்டத்தில் கோபுரமும் ஊருக்குள் வந்தது. 1986இல் கிராந்துருகோட்டேயில் ஒரு சிறு நிலையம், அடுத்த ஆண்டு மகா இலுப்பள்ளமவில் ஒன்று, 1989 பெப்ரவரியில் கொத்மலையில் ஒன்று. இனி நாடா கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த் திரும்ப வேண்டியதில்லை. பதிவான இடத்திலிருந்து சைக்கிளில் கொண்டுபோகும் தூரத்திலேயே ஒலிபரப்பாகலாம்.

கொத்மலை நிலையம் திறந்த ஆண்டை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. தெற்கு முழுவதும் கிளர்ச்சியும் அடக்குமுறையும் பிணக்குவியலுமாக இருந்த காலம் அது. வானொலியில் பேசுவதே உயிர் ஆபத்து. கூட்டுத்தாபனத்தின் புகழ்பெற்ற அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி த அல்விஸ் அந்த ஜூலை இறுதியில்தான் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஆண்டில், மலைகளுக்கு நடுவே, நீர்த்தேக்கத்துக்காக ஊர்களை இழந்த ஒரு பிரதேசத்தில், உள்ளூர் இளைஞர்கள் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சம்பளக்காரர்கள் சிலரே. மற்றவர்கள் தொண்டர்கள்: பள்ளி முடித்து வேலைக்குக் காத்திருந்தவர்கள், ஆசிரியர்கள், கமக்காரர்கள். அவர்கள்தான் கிராமம் கிராமமாகப் போய்ப் பதிவு செய்தார்கள், கலையகத்தில் இருந்து வெட்டினார்கள், நேரலையில் பேசினார்கள். கத்தி முதன்முறையாக ஊர்க்காரர் கையில் வந்தது இங்கேதான். கொத்மலையின் உண்மையான சாதனை எதுவென்று கேட்டால் இதையே சொல்வேன், பிறகு உலகம் பாராட்டிய இணையத்தை அல்ல.

இங்கே தமிழும் ஒலித்தது. நிலையத்தைச் சுற்றிய மலைகளில் தேயிலைத் தோட்டங்கள். கம்பளை, நாவலப்பிட்டிக் கடைத்தெருக்களில் மூன்று இனத்தாரும் உண்டு. சிங்களத்தோடு தமிழிலும் நிகழ்ச்சிகள் செய்தார்கள். நேர அளவில் தமிழுக்குக் கிடைத்தது சிறு பங்குதான், அதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் கொழுந்து பறிக்கும் ஊர்ப் பேச்சு வழக்கிலேயே, பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை வானொலியில் பேசுவதைக் கேட்பது வேறு விஷயம். கொழும்புத் தமிழ்ச் சேவையின் திருத்தமான உச்சரிப்பு எவ்வளவு அழகானாலும் அந்த உறவைத் தர அதற்கு வழியில்லை.

1999இல் நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு கணினி வந்து அமர்ந்தது. யுனெஸ்கோவின் உதவியோடு நிலையத்துக்கு விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் ஒரு நிரந்தர இணைப்பு. இன்று கைபேசி வைத்திருப்பவருக்கு அது எறும்பு ஊர்கிற வேகம், அன்று மலைநாட்டுக் கிராமத்தில் அதிசயம். கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் இணையத்தைப் பயன்படுத்த வசதி செய்தார்கள். ஆனால் இணையம் முழுக்க ஆங்கிலம், கேட்பவர்களிடம் கணினி இல்லை. அதற்கு நிலையத்தார் கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்பு. நேயர் ஒரு கேள்வியைத் தபாலில் அனுப்புவார், அல்லது நேரில் சொல்வார். ஒரு பயிர் நோய், ஒரு மருந்து, ஒரு வெளிநாட்டு வேலை, பிள்ளையின் படிப்பு. தொண்டர்கள் அதை இணையத்தில் தேடுவார்கள். பிறகு விஷயம் தெரிந்த ஒரு வைத்தியரையோ விவசாய அலுவலரையோ பக்கத்தில் உட்காரவைத்து, கிடைத்ததை ஒலிபரப்பிலேயே விளக்குவார்கள். வானொலி வழியே இணையத்தை உலாவுவது. ஒருவர் கேட்டது ஊருக்கே பதிலாகப் போகும்.

இந்த யோசனை நாட்டை விட்டும் போனது. 2001 ஜனவரியில் பல நாட்டவர் கொத்மலையில் கூடிப் பேசினார்கள். அதன் பிறகு யுனெஸ்கோ வானொலியையும் கணினியையும் ஒரே கூரையின் கீழ் வைக்கும் சமூகப் பல்லூடக மையங்களை ஆப்பிரிக்கா, ஆசியா, கரீபியன் நாடுகளில் தொடங்கியது. செனெகலிலும் மாலியிலும் மொசாம்பிக்கிலும் அப்படிப்பட்ட மையங்களில் உட்கார்ந்து கேள்வி கேட்டவர்களுக்கு கொத்மலை என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வழிமுறை போய்ச் சேர்ந்தது, அதுவே பெரிது.

அடுத்து முச்சக்கர வண்டி. 2000களின் பிற்பாதியில் கொத்மலைக்காரர்கள் ஓர் ஓட்டோவையே நடமாடும் கலையகமாக்கினார்கள். உள்ளே மடிக்கணினி, அச்சுப்பொறி, ஸ்கேனர், கமரா, தொலைபேசி. பின்னால் மின்பிறப்பாக்கி. கம்பியில்லாத் தொலைபேசி இணைப்பில் இணையம். கூரை மேல் தட்டில் ஒலிபெருக்கிகள். பஸ் போகாத வளைவுகளிலும் ஓட்டோ ஏறும். சந்தியில் நிறுத்தி, ஊர்ச் சனத்தைக் கூட்டி, அங்கிருந்தே நிகழ்ச்சி செய்யலாம், அங்கேயே ஒலிபெருக்கியில் கேட்கவும் வைக்கலாம். 1981இல் நாடாப்பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்த தயாரிப்பாளரின் வேலையைத்தான் இது செய்தது. வித்தியாசம் ஒன்று: பதிவும் வெட்டும் ஒலிபரப்பும் ஒரே வண்டிக்குள், ஒரே நாளில், ஊரின் கண்ணெதிரே. நாடா இருந்த இடத்தில் இப்போது வன்தட்டில் ஒரு கோப்பு. வெட்டியது கூடைக்குள் விழுவதில்லை, வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம்.

கருவி இவ்வளவு தூரம் வந்தும் ஒன்று மட்டும் இடம் மாறவில்லை. இந்த நிலையங்கள் எல்லாம் கூட்டுத்தாபனத்தின் பிள்ளைகளாகவே இருந்தன. உரிமம் கொழும்பின் கையில். தனியார் வானொலிக்கு உரிமம் கொடுப்பது 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தில் சமூக ஒலிபரப்பு என்றொரு வகுப்பே கிடையாது. தொலைக்காட்சியிலும் அரசின் கை இப்படித்தான் நீண்டது. 1979 ஏப்ரல் 13இல் தனியார் முயற்சியாக, சிறிய கருவியோடு தொடங்கிய ஐரிஎன் என்ற நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையத்தை, இரண்டு மாதம் ஆகுமுன் ஜூன் 5இல் அரசு எடுத்துக்கொண்டது. 1997இல் உயர் நீதிமன்றம் ஒலிபரப்பு அதிகார சபைச் சட்டமூலத்தை நிராகரித்தபோது, அலைவரிசைகள் மக்களின் பொதுச் சொத்து என்று தெளிவாகவே சொன்னது. சொத்து மக்களுடையது, சாவி மக்களிடம் இல்லை.

பாக்கு நீரிணைக்கு அப்பால் வேறு வழி திறந்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் அதே கருத்தைச் சொன்னது. அங்கே 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் கிடைத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் வானொலி 2004இல் ஒலித்தது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் தலித் பெண்கள் சங்கம் வானொலியைக் கையில் எடுத்தது. 2016இல் பாம்பனில் மீனவருக்கென்றே ‘கடல் ஓசை’ வந்தது. அந்த நிலையங்களுக்கும் செய்தி ஒலிபரப்பத் தடை போன்ற கட்டுப்பாடுகள் உண்டு. ஆனாலும் உரிமம் அவர்கள் பெயரில் இருக்கிறது. கொத்மலைத் தொண்டர்கள் உலகுக்கே வழி காட்டியும் அவர்களுக்குக் கிடைக்காதது அதுதான். மலையகத் தமிழர் தங்கள் பெயரில் உரிமம் பெற்று நடத்தும் ஒரு சமூக நிலையம், அட்டனிலோ தலவாக்கலையிலோ மாத்தளையிலோ வர வேண்டும். அதற்கான பொருள் செலவு இன்று ஓர் ஓட்டோவின் விலைக்குள் அடங்கும். தடையாக நிற்பது சட்டம், காசு அல்ல.

சட்டத்துக்காகக் காத்திருக்கும்போது நாடா காத்திருக்காது. ஒட்சைட்டுத் துகளை நாடாவோடு பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும். இளகிய நாடாவைக் கருவியில் ஓட்டினால் துகள் உரிந்து வாசிப்புத் தலையில் அப்பிக்கொள்ளும், ஒலி அந்த ஓட்டத்திலேயே போய்விடும். அப்படிப்பட்ட நாடாவைச் சுமார் 50 பாகை செல்சியசில் பல மணிநேரம் மெல்லச் சூடாக்கி உலர்த்தி, அது தாங்கும் சில வாரங்களுக்குள் கணினிக்கு மாற்றிவிட வேண்டும். அதை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன, பழுதுபார்ப்பவர்களும் அருகிவிட்டார்கள். 2025க்குப் பிறகு மாற்றுவது பெரும்பாலும் முடியாமல் போகும் என்று யுனெஸ்கோவும் ஒலிக்காப்பகங்களின் உலகச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன. விலை கருதிப் பழைய நாடாவை அழித்து அதன்மேல் புதிதாகப் பதிவதும் வானொலி நிலையங்களில் சாதாரண வழக்கமாக இருந்தது. ஆகவே மகாவலிக் காலத்து நாடாக்களில் எஞ்சியவை எங்கே இருந்தாலும், எந்த அலுமாரியின் அடித்தட்டில் கிடந்தாலும், இப்போதே எடுக்க வேண்டும்.

எடுத்தால் மட்டும் போதாது. பெட்டியின் மேல் கிராமத்தின் பெயரும் திகதியும் இருக்கலாம், பாடியவரின் பெயர் இருக்காது. அந்தக் குரல்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியேறியபோது சிறுபிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பது வயது. கலாவாவிக் கரையில் நெல் விதைக்கிறார்கள், தம்புள்ளைச் சந்தைக்கு வெங்காயமும் பூசணியும் கொண்டுவருகிறார்கள். மாற்றிய கோப்புகளை ஒரு கைபேசியில் போட்டு அவர்களிடம் கொண்டுபோய் ஓட்டிக் காட்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் பெயரை எழுதி வாங்கலாம். ஆளுக்கு ஒரு கிராமம் என்று எடுத்துக்கொண்டால், மாத்தளை, அநுராதபுரப் பள்ளிகளின் உயர்தர வகுப்புப் பிள்ளைகளே இதை இரண்டு விடுமுறைக்குள் முடிப்பார்கள்.